விழ மறுத்த இருவரைக் குறித்துக் குறும்பொறை வேந்தருக்கு விடுத்த ஓலை

வளம் பெருகுக! தாழை மணக்கும் கடற்கரைக்கும் உப்பு விளையும் கழிகளுக்கும் உரியவளும், கருவிளையாற்றின் கீழ்க்கரை காப்பவளும், இளவரசி நறுவீயைப் பெற்றவளுமாகிய தாழைநாட்டு அரசி வயிரநங்கை, மிளகும் இஞ்சியும் விளையும் மலைகளுக்கு இறைவரும், அவ்வாற்றின் மேற்கரைக் காவலரும், இளவரசர் கொற்றனின் தந்தையாருமாகிய குறும்பொறை வேந்தர் நெடுஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளில் மழை தவறாது பெய்க. தங்கள் யானைகள் நோயின்றி வாழ்க. தங்கள் முழங்கால் வலி தணிக. இவ்வாழ்த்துகள் மூன்றும் உள்ளத்திலிருந்து வந்தவை. நாம் தற்போது ஒருவரோடொருவர் போரில் இருக்கிறோம் என்பதற்காக வாழ்த்தாமல் ஓலை தொடங்குவது எம் குடிக்கு வழக்கமன்று.

தங்கள் தூதர் கொணர்ந்த ஓலை கிடைத்தது. அதனை அவையில் படிக்கச் சொன்னோம். பாதியில் நிறுத்தச் சொன்னோம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு யாமே படித்து முடித்தோம். எம் மகள் தங்கள் மைந்தரை மயக்கினாள் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். மயக்கத் தெரிந்தவளுக்கு முதலில் தலை வாரத் தெரிந்திருக்க வேண்டும். வருகிற முழுநிலா நாளில் இருவரும் ஆற்றுத்திட்டில் மீண்டும் ஏறி முறைப்படி விழ வேண்டும் என்றும், விழுந்து எழுந்தபின் இளவரசர் தங்கள் நாட்டின் தென்கோடிக் கோட்டைக்கு அனுப்பப்படுவார் என்றும், எம் மகள் இனி ஆற்றங்கரைப் பக்கமே வரலாகாது என்றும், இவற்றுக்கு இசையாவிடில் போரை மெய்யாகவே நடத்தப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எழுத்து அழகாக இருந்தது. செய்தி அப்படி இல்லை.

நடந்தது தாங்கள் அறிந்ததே எனினும், இரு நாட்டு அமைச்சர்களும் இவ்வோலையைப் பிரித்து மேய்வார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறோம். நம் பாட்டன்மார் காலத்தில் இவ்விரு கரைகளுக்கும் ஓயாத போர் நடந்தது. அந்நாளில் எம் கரைப் பெண் ஆம்பலும் தங்கள் கரை இளைஞன் சேந்தனும் ஒருவரையொருவர் விரும்பி, ஆற்றின் நடுத்திட்டில் சந்தித்தபோது, இரு கரையிலிருந்தும் பாய்ந்த அம்புகள் பட்டு இறந்தனர். அவர்களைக் கண்டு வெட்கிய இரு படைகளும் வில்லைக் கீழே போட்டன. அன்று முதல் ஆண்டுதோறும் ஆவணி முழுநிலா நாளின் மாலையில் அக்கதை அதே திட்டில் கூத்தாக நடக்கிறது. இரு கரைச் சேனாதிபதிகளும் இரும்பு முனைக்கு மாறாகத் தாழம்பூ கட்டிய அம்பை எய்வார்கள். சேந்தனும் ஆம்பலும் மணலில் விழுவார்கள். இருவரும் விழுந்த பின்னரே இரு வேந்தரும் உருவிய வாளை உறையில் இடுவார்கள். இட்டால் அடுத்த ஆவணி வரை அமைதி. உடன்படிக்கை அவ்வளவே. ஒரு பிள்ளை விழமாட்டேன் என்று நிற்கும் என அதை எழுதிய பெரியவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

இவ்வாண்டு குடத்திலிட்ட பெயரோலைகளை எடுத்தபோது, மேற்கரையில் தங்கள் மைந்தர் பெயரும் கீழ்க்கரையில் எம் மகள் பெயரும் வந்தன. அவருக்கு வயது பதினேழு, இவளுக்குப் பதினாறு. ஒத்திகை தொடங்கிய முதல் நாளே இருவருக்கும் ஆகவில்லை. கீரியையும் பாம்பையும் ஒரே கூடையில் போட்டது போல் இருந்தது என்று கூத்தாசான் வேட்டனார் எம்மிடம் வந்து முறையிட்டார். இளவரசர் பாட்டு வரிகளை மறப்பாராம். இவள் எடுத்துக் கொடுப்பாளாம். எடுத்துக் கொடுக்கும்போது வசவையும் சேர்த்துக் கொடுப்பாளாம். அவர்கள் பேசியதை எம் ஓலைநாயகம் செந்தமிழில் மாற்றி எழுத முனைந்தார். உள்ளபடியே எழுதுக என்று பணித்தோம். மாற்றினால் சுவை போய்விடும்.

"ஆத்துல எருமை எறங்கற மாதிரி தொப்புன்னு விழறே! சேந்தன் அம்பு பட்டுச் செத்தான், வழுக்கி விழுந்து சாகல," என்றிருக்கிறாள் எம் மகள்.

"நீ மட்டும் என்னவாம்? விழறதுக்கு முன்னால கீழ எறும்பு இருக்கான்னு குனிஞ்சு பாக்கறே. சாகப் போறவளுக்கு எறும்பு கடிச்சா என்ன?" என்றிருக்கிறார் தங்கள் மைந்தர்.

இப்படியே போனால் கூத்து கெடும் என்று அஞ்சிய வேட்டனார், எவரையும் கேளாமல் ஒரு தந்திரம் செய்தார். இளவரசி தனித்திருக்கும்போது அவர் வரிகளையே பாடிப் பார்க்கிறாள் என்று இளவரசரிடம் காதோடு சொன்னார். இவளுக்குப் பிடித்த பூ எதுவென்று இளவரசர் பலரிடமும் விசாரிக்கிறார் என்று இவளிடம் சொன்னார். இரண்டும் பச்சைப் பொய். ஆனால் மறுநாள் ஒத்திகைக்கு வந்த இருவரும் நீங்கள், வாருங்கள், அமருங்கள் என்று ஒருவரையொருவர் மரியாதையால் கொன்றார்களாம். அவர் வரிகளை மறக்கவில்லை. இவள் வரிகளை மறந்தாள். காதலர்களாக நடிக்க வேண்டிய இடத்தில் எதிரெதிர் பக்கம் பார்த்துக்கொண்டு முகம் சிவந்து நின்றார்களாம். இதற்கு முந்தைய சண்டையே மேல் என்று வேட்டனார் தலையில் அடித்துக்கொண்டார். அவர் இப்போது எம் மடைப்பள்ளியில் ஒளிந்திருக்கிறார். அவரைப் பிடித்துத் தருமாறு தாங்கள் கேட்டிருப்பதை ஏற்பதற்கில்லை. மனிதர் நன்றாகக் காய் நறுக்குகிறார்.

கூத்து நாளில் யாம் முன்வரிசையில் இருந்தோம், தாங்கள் எம் எதிரே இருந்தீர்கள். முழவு நின்றது. இரு கரையிலிருந்தும் பூ அம்புகள் பறந்து வந்து இருவர் மீதும் பட்டன. இருவரும் விழவில்லை. சரி, எப்படி விழுவது என்ற பழைய சண்டைதான் என்றே யாம் நினைத்தோம். திட்டு சிறியது, கூட்டம் மூச்சடக்கி இருந்தது, அவர்கள் பேசியது எம் காதில் தெளிவாக விழுந்தது.

"விழு. கதையில நீதான் முதல்ல," என்றாள் இவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியும். நான் விழுந்தா அடுத்து நீ விழணும். நீ விழறத பாக்கக் கூடாதுன்னுதான் தெனமும் அவசரமா தொப்புன்னு விழுந்து கண்ண மூடிக்குவேன். இன்னிக்கு என்னால முடியல, நறுவீ."

எம் மகளை அவள் பேசத் தொடங்கிய நாள் முதல் அறிவோம். எவர் என்ன சொன்னாலும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அன்று அவள் சொன்னது இரண்டே சொல்.

"அப்ப நிப்போம்."

அதன்பின் மணலில் கிடந்த அம்புகளை எடுத்து, ஒன்றின் பூவைத் தன் தலையில் செருகிக்கொண்டு, மற்றதை அவர் கையில் கொடுத்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் தங்கள் மைந்தர் விழித்தது தாங்களும் கண்டதே. கூட்டம் திகைத்திருந்தது. அப்போது பொரி விற்கும் ஒரு பெண்மணி, "அப்பாடா! இந்த வருஷமாச்சும் பொழச்சுதுங்களே, புள்ளைங்க!" என்று பெருமூச்சு விட்டாள். உடனே இரு கரையும் ஆர்ப்பரித்தது. அந்த ஆரவாரத்தில் உருவிய வாளோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் நாம் இருவர் மட்டுமே. உறையிடச் சட்டம் இடம் தராது என்று எம் அமைச்சர் காதைக் கடித்தார். ஆகவே அந்த வாளை உருவியபடியே அரண்மனைக்கு எடுத்து வந்தோம். அது இன்னும் கூடத்தில் கிடக்கிறது. பணிப்பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்குகிறார்கள்.

போரின் நிலவரம் வருமாறு. ஓடம் நின்றது. எம் உப்பு தங்களுக்கு வருவதில்லை, தங்கள் மிளகு எமக்கு வருவதில்லை. மிளகில்லாத சாற்றை நாள்தோறும் குடித்து எம் அவையோர் அனைவரும் சிடுசிடுப்பாக இருக்கிறார்கள். போர் என்றதும் மகிழ்ந்து துள்ளியவர் எம் சேனாதிபதி ஒருவரே. அவருக்கும் பழைய கவசம் வயிற்றில் பூட்டவில்லை. எம் காவலன் ஒருவன் கரையிலிருந்து, "அண்ணே, போரு எப்ப ஆரம்பிக்குது?" என்று கூவ, தங்கள் காவலர், "எங்க ஆளுங்க இன்னும் சாப்புடலப்பா, இரு!" என்று பதில் கூவியதாக ஒற்றர் தெரிவிக்கிறார். இந்தப் படைகளைக் கொண்டு தாங்கள் மெய்யாகவே போர் நடத்தப் போவதாக எழுதியிருப்பது கண்டு சிரித்தோம்.

ஆயினும் தங்கள் ஓலையின் ஒரு வரிக்குச் சிரிப்பு வரவில்லை. தென்கோடிக் கோட்டை என்பது என்ன என்று யாம் அறிவோம். அங்கே போனவர்கள் வயதாகித்தான் திரும்பினார்கள். அந்த வரியை எம் மகள் எப்படியோ அறிந்துகொண்டாள். எம்மோடு சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்திருந்தோம். வரவில்லை. தலை வாரி, பின்னி, அடக்கமாக வந்து நின்று, "அம்மா, நான் விழுந்துடறேன். நல்லா விழறேன், எறும்பு கூடப் பாக்க மாட்டேன். அவங்கள அந்தக் கோட்டைக்கு அனுப்ப வேணாம்னு மட்டும் எழுதுங்க," என்றாள். அவன், இவன் என்றே சொல்லி வந்தவள் அவங்க என்றாள். வாய்த்துடுக்கான ஒரு பிள்ளையை ஒரே ஓலையில் அடக்கிவிட்டீர்கள், வேந்தே. எம்மால் பதினாறு ஆண்டுகளாக முடியாதது அது. அது எமக்கு வேண்டவும் வேண்டாம்.

இனி வரும் சில வரிகளை ஓலைநாயகத்தை வெளியே அனுப்பிவிட்டு நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள்க.

நாமும் அத்திட்டில் நின்றோம், நெடுஞ்சாத்தனாரே. குடத்தில் நம் பெயர்கள் வந்த ஆண்டைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அம்பு பட்டது, தாங்கள் விழுந்தீர்கள், நான் விழுந்தேன். அப்படி ஓர் அழகான சாவை இரு கரையும் கண்டதில்லை என்று எல்லோரும் அழுதார்கள். பிறகு மணலைத் தட்டிக்கொண்டு அவரவர் ஓடத்தில் ஏறினோம். தாங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நான் காத்திருந்தேன்; தாங்கள் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. எனக்கு வாய்த்த கணவர் தங்கமானவர், தங்களுக்கு வாய்த்த தேவியாரும் அப்படியே. குறையென்று சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் சேந்தனும் ஆம்பலும் விழும் அந்த நேரத்தில் நான் ஆற்றைப் பார்க்கத் திரும்பிவிடுகிறேன். அதே நேரத்தில் தாங்கள் தலைப்பாகையைச் சரிசெய்யக் குனிந்துவிடுகிறீர்கள். அது ஒருநாளும் கோணலாக இருந்ததில்லை. நாம் சொன்னபடி கேட்ட பிள்ளைகள். இந்த இருவரும் சொன்னபடி கேட்க வேண்டாம் என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். ஓலைநாயகம் உள்ளே வரட்டும்.

ஆகவே தாழைநாட்டு அரசியின் முடிவு இது. எம் மகள் விழமாட்டாள். தங்கள் மைந்தரை விழச் சொல்லவும் விடோம். மணப்பேச்சு எதுவும் இப்போது வேண்டா. பதினாறும் பதினேழுமாக இருக்கிறார்கள், இன்னும் சில ஆண்டுகள் ஆசைதீரச் சண்டை போடட்டும். அதன்பின் நம்மிடம் சொல்வதற்கு ஏதும் இருந்தால் சொல்வார்கள், கேட்போம்.

போர் நடப்பில் இருப்பதால் படையெடுக்கும் உரிமை எமக்குண்டு. அவ்வுரிமையைக் கொண்டு நாளை மறுநாள் காலையில் தங்கள் நாட்டின் மீது படையெடுத்து வருகிறோம். படையில் யாமும், எம் மகளும், கவசமில்லாத சேனாதிபதியும், காய் நறுக்கும் வேட்டனாரும், உப்பு மூட்டைகள் ஏற்றிய ஓடங்களும் இருப்போம். தாங்கள் எதிர்க்காமல் சரணடைய வேண்டும் என்று ஆணையிடுகிறோம். சரணடைந்தவர் ஏற்க வேண்டிய விதிகளாவன: இளவரசர் கொற்றன் எக்கோட்டைக்கும் அனுப்பப்படலாகாது. இனி ஆவணிக் கூத்தில் ஆம்பலும் சேந்தனும் அம்பு பட்டும் விழாமல் நிற்பார்கள். அவர்கள் நிற்பதைக் கண்டே வாள்கள் உறையில் இடப்படும். எம் படை பசியோடு வரும். மிளகு தாராளமாக இருக்கட்டும்.

இவ்வோலையில் எழுதியவை அனைத்தும் எம் சொல்லே எனக் காட்டத் தாழைமடல் முத்திரை பதித்தோம். மலையும் கடலும் உள்ளளவும் இது செல்லும். மறுமொழி ஓலை எழுதி நாளைக் கடத்த வேண்டா. எம் ஓடம் கரையைத் தொடும்போது தாங்கள் மைந்தரோடு துறையில் வந்து நிற்க வேண்டும். தலைப்பாகை எப்படி இருந்தாலும் சரி, நேராகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.