வெங்காயமா, விஷமா

மச்சான், இன்னைக்குக் காலையில நெத்திலிக் கருவாடும் வெங்காயமும் வதங்குற வாசம் வீட்டையே தூக்கிச்சு. மிஞ்சினதச் சோத்துல பிசைஞ்சு பூனைக்கு வைக்கப் போனேன். மருமக ஓடி வந்து தட்டைப் பிடுங்கிட்டா.

"மாமா! வெங்காயம், பூண்டு ரெண்டும் பூனைக்கு ஆகாது. நாள்பட தின்னா ரத்தமே செத்துப்போகும், வாயெல்லாம் வெளுத்துப்போகும்னு மிருக டாக்டர் சொன்னார்."

வாய் வெளுக்கும்னதும் உன்னோட பூனை கறுப்பி கண்ணுல வந்து நின்னுச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவதான் இத எழுதுறா.

எண்பத்து மூணு கலவரத்தப்ப உக்குவளையில நாம அடுத்தடுத்த வீடு. அடிதடி அடங்கியும் நாள்கணக்கா ஊரடங்கு, கடையெல்லாம் பூட்டு. உன் வீட்டுல இருந்தது கருவாடும் ஒரு சாக்கு வெங்காயமும்தான். நீ தின்னதையே கறுப்பியும் தின்னுச்சு. "பாருடா, என் பொண்டாட்டி சமையல மெச்சுறதுக்கு இவ ஒருத்திதான்"ன்னு சிரிச்ச. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களவர் பண்டா ஐயா எப்பவாவது அதுக்கு மீன் தலை போடுவார்.

அப்புறம் அது வாயெல்லாம் வெளுத்துச் சுருண்டு படுத்துச்சு. நீ பூண்டும் சின்ன வெங்காயமும் இடிச்சு, சாறெடுத்து வாயில ஊத்தின. நம்ம ஆளுகளுக்கு எல்லா நோவுக்கும் அதுதானே மருந்து. மறுநாள் செத்துப்போச்சு.

"மீன் தலையில விஷம் வச்சிட்டான்டா! இன்னைக்குப் பூனை, நாளைக்கு நாம"ன்னு வேலியப் பாத்துக் கத்தின.

"கலவரத்துல நம்மளக் கராம்பு காயப் போடுற கொட்டில்ல ஒளிச்சு வச்ச மனுசன்டா"ன்னேன்.

"அப்ப இருந்த மனசு இப்பவும் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நீ புள்ளகுட்டியோட கிளிநொச்சிக்குப் போயிட்ட. அங்க நம்ம சனம் இருக்கு, பயமில்லைன்ன. கடைசிச் சண்டையில ஷெல் விழுந்து நீ போய்ச் சேர்ந்த சேதிதான் எனக்கு வந்துச்சு.

இப்ப ஒண்ணுமே வெளங்கல மச்சான். வெங்காயந்தானா? அப்ப நம்ம பழைய பூனையெல்லாம் எப்படிப் பிழைச்சுச்சு? கொஞ்சமா தின்னா சிலது தப்பிச்சுக்குமாம், மருமக சொல்றா. இல்ல, மெய்யாவே மீன் தலையா?

பண்டா ஐயா இன்னும் இருக்கார், கண்ணு மங்கிப்போச்சு. என் குரலக் கேட்டா போதும், "நான் அந்தப் பூனைக்கு ஒண்ணும் செய்யல்ல. உங்க கூட்டாளி என்னய நம்பினதா?"ன்னு கேப்பார். வெங்காயக் கதையச் சொன்னா அவர் மனசு ஆறும். ஆனா நீ ஒண்ணுமில்லாததுக்குப் பயந்து ஊர விட்டுப் போய்ச் செத்ததா ஆயிடுமே. அத என் வாயால எப்படிடா சொல்லுவேன்?

"நம்பினான் ஐயா"ன்னு மட்டும் சொல்லிட்டு வாறேன். இத்தன வருசமா சொல்ற பொய் இது. அங்க ஷெல்லுக்கு நடுவுல ஒரு நாளாவது நீ அவர நம்பியிருப்பியோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியல.