கேஷியர் நாற்காலிக்காகப் பத்துப் பங்கு

ஏங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

"கேஷ் கவுன்ட்டருக்கு முதுகு சாயுற மாதிரி ஒரு நாற்காலி கேளுங்களேன்" என்றதற்கு, "பேங்க் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று கத்தினீர்களே! விசாரித்துவிட்டேன். எங்கப்பா சொத்தும் இல்லை, உங்கள் சேர்மன் சொத்தும் இல்லை. பங்கு வாங்கிய எல்லோருக்கும் சொந்தமாம். புரோக்கரிடம் கணக்குத் திறந்து, போனிலேயே பத்துப் பங்கு வாங்கினேன். இன்று பங்குதாரர் கூட்டம். என் பெயருக்கே அழைப்பு வந்தது! நாற்காலியைச் சேர்மனிடமே கேட்கப் போகிறேன். உங்கள் பெயர் வராது, பயப்படாதீர்கள்.

முதுகுத் தைலம் தலையணைக்குப் பக்கத்தில்.

இன்னொன்று: கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடாதீர்கள். முதலாளியம்மா வர எட்டு மணியாகும்.