மூணாவது தட்டில் உன் கித்தார் ஏன் இல்லை

என் மாமாவுக்கு,

எல்லாப் பொம்பளைங்களும் புருஷனை மாமான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு நீ நிஜமாவே மாமா, எங்கம்மா கூடப் பொறந்த தம்பி. சின்ன வயசுலேருந்து நீ, வான்னு பேசியே பழகிட்டேன். இப்பவும் அப்படியே எழுதறேன்.

நீ போய் பத்து மாசம் ஆச்சு. நம்ம மல்லிகா ஒண்ணாவது சேர்ந்துட்டா. சேக்காட்டில் நம்ம தெருவுக்கே ஒரு டீவி வந்திருக்கு, கடைசி வீட்டில். ஞாயித்துக்கிழமை ஊரே அங்கதான். நான் போறதில்ல. ஜனங்க மூஞ்சியைப் பார்க்கவே கூச்சமா கீது மாமா. ஏன்னு உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

போன வாரம் டேவிட் அண்ணன் பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கினு வந்தாரு. உங்க பேண்டோட மூணு இசைத்தட்டும் கொண்டு வந்திருந்தாரு. "கேளு தங்கச்சி. அவன் வாசிச்சது அவன் ஊட்ல இருக்கணும்"னு சொன்னாரு. மல்லிகாவை மடியில் வெச்சுக்கினு மூணையும் கேட்டேன்.

முதல் தட்டு ஒரே சத்தம். இங்கிலீஷ் பாட்டு எனக்கு எங்க புரியும்? உன் கித்தார் புரிஞ்சுது. நமக்குக் கல்யாணமான புதுசு. மண்ணூர்பேட்டை கம்பெனியில் பகல் பூரா தகடு வெட்டிட்டு வந்து, மூடிக்கெடந்த ரைஸ் மில்லுல உக்காந்து வாசிப்பே. கூட பாடறதுக்கு டேவிட் அண்ணன், டிரம்ஸ் அடிக்க சலீம் அண்ணன். மெஷின் சத்தத்தையெல்லாம் காதுல அள்ளிக்கினு வந்து கம்பியில் கொட்டற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு பாக்கியம் கேப்பா, "இன்னாடி, உம் புருஷன் கம்பிய வாசிக்கிறானா, அறுக்கிறானா?" நானும் சிரிப்பேன். அப்ப எனக்கு எந்தக் கூச்சமும் இல்ல.

ரெண்டாவது தட்டு மல்லிகா பொறந்த வருஷம். தமிழ்ப் பாட்டு. அவ எழுந்துடக் கூடாதுன்னு கரண்ட் சொருகாம விரல் நுனியால தடவித் தடவித்தான் வீட்டில் வாசிப்பே. அந்த மெதுவு அப்படியே தட்டில் ஏறிடுச்சு. பேண்டுக்குப் பக்குவம் வந்துடுச்சுன்னு பத்திரிகையில் எழுதினாங்களாம். பக்குவம் எங்க வந்துச்சு? கொழந்த தூங்கிச்சு, அவ்ளோதான்.

மூணாவதில் கித்தாரே இல்ல. குரலும் டிரம்ஸும்தான். நடுவுல நடுவுல பாட்டு நின்னு போவுது, யாரோ வருவாங்கன்னு பார்க்கிற மாதிரி. அதைப் புது பாணின்னு எழுதினாங்களாம். டேவிட் அண்ணன் சொன்னாரு, "பாணியாவது கீணியாவது. அவன் வாசிக்கிற எடத்துல வேற ஆள வெக்க மனசு வர்ல தங்கச்சி. அப்டியே உட்டுட்டோம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அந்தக் காலி எடத்தைப் பண்ணது நான்.

ஞாபகம் இருக்கா? பம்பாய்ல ஒரு மாசம் தங்கி மூணாவது தட்டு போடணும்னு பேச்சு. அதே மாசம்தான் கம்பெனியில் உன்னைப் பர்மனென்ட் பண்றதா இருந்தாங்க. லீவு போட்டா பேரு போயிடும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. எங்கப்பா கூலிக்கு நாத்து நட்டவரு. வேலை இல்லாத நாள்ல எங்க வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கு அந்தப் பர்மனென்ட்தான் சாமி. அது மட்டும்தானான்னு கேட்டா, இல்ல. கித்தாரைத் தொட்டா நீ என்னை மறந்துடுவே. அதுவும் எனக்குப் புடிக்கல.

உங்கப்பா, என் தாத்தா, தவறிப் பத்தாம் நாள். பதினாறுக்கு உறவுக்காரங்களைக் கூப்பிட நீ குமணன்சாவடி போயிருந்தே. டேவிட் அண்ணனும் சலீம் அண்ணனும் வந்தாங்க. பம்பாய்க்கு டிக்கெட் எடுக்கணும், வர்றானான்னு கேட்டாங்க. நான் சொன்னேன், "வருஷம் திரும்பற வரைக்கும் வாத்தியத்தைத் தொட மாட்டேன்னு அப்பா படத்து முன்னாடி சத்தியம் பண்ணிட்டாரு. அந்தப் பேச்சையே எடுக்க வேணாம்னு சொல்லிட்டாரு."

சாவு வீட்டில் சொன்ன சொல்லை யாரு மறுத்துக் கேப்பாங்க? போய்ட்டு வரேன்னு சாவு வீட்டில் சொல்லக் கூடாது இல்லையா, ரெண்டு பேரும் பேசாம எழுந்து போய்ட்டாங்க. அந்த மரியாதை எனக்கு வசதியாப் போச்சு.

நீ வந்ததும் கேட்டே, "டேவிட்டு வந்தானாமே, இன்னா சொன்னான்?"

"துக்கம் கேட்டாரு. பம்பாய்க்கு வேற ஆளு பாத்துட்டாங்களாம்."

"என்னாண்ட ஒரு வார்த்த கேக்காமயா?"

"அதான் சொல்லாம கொள்ளாம எழுந்து போய்ட்டாங்களே."

நீ சட்டையைக் கழட்டி மாட்டினே. கை கழுவினே, சாப்பிட்டே. அடுத்த மாசம் பர்மனென்ட் ஆச்சு, லட்டு வாங்கியாந்தே. கித்தாருக்கு ஒரு உறை தெச்சுக் குடுன்னு கேட்டே. நானே தெச்சுக் குடுத்தேன். கல்யாண வீட்டு மைக் செட்டில் அவங்க பாட்டு வந்தா பாதிப் பந்தியில் எழுந்துடுவே. டேவிட் அண்ணன் எதிரே வந்தா சந்துல திரும்பிடுவே. அவங்க, துக்கத்துல கீறான், வருஷம் போவட்டும்னு இருந்தாங்க. வருஷம் போச்சு. அதுக்குள்ள ரெண்டு பக்கமும் ரோஷம். அப்புறம் உனக்கு மஞ்சக்காமாலை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் புடிச்சுக் கேட்டே, "நான் அவனுங்களுக்கு இன்னாடி பண்ணேன்?"

அப்பவாவது சொல்லியிருக்கலாம். நான் தலகாணியைச் சரி பண்ணேன். அவங்களுக்குச் சேதி தெரிஞ்சு ஓடி வர்றதுக்குள்ள நீ இல்ல.

உன் வருஷ திதிக்குப் பேண்டுக்காரங்க உன் போட்டோ போட்டு ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போறாங்க. "நீயும் நாலு வரி எழுதிக் குடு தங்கச்சி"ன்னு டேவிட் அண்ணன் கேட்டிருக்காரு. நான் அஞ்சாங் கிளாஸ். நாலு வரியில் இதை அடக்கத் தெரியல. இதையேதான் குடுக்கப் போறேன். எழுத்துத் தப்பு இருந்தா திருத்திக்கட்டும். வேற எதையும் திருத்த வேணாம்.

நாளைக்கு நானே கொண்டு போய் அவர் கையில் குடுக்கறேன். அவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உக்காந்திருப்பேன். கத்தினா கேட்டுக்கறேன். ஏன் இப்படிப் பண்ணேன்னு கேட்டா பர்மனென்ட், கொழந்தன்னு சாக்கு சொல்ல மாட்டேன். இது உன் மேல சத்தியம்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன் மாமா. நீ அவங்களுக்கு ஒண்ணும் பண்ணல. அவங்களும் உன்னைக் கை உடல. ஒரு நாளும் உடல.

உன் அக்கா மக, உன் பொண்டாட்டி,
செல்வி