முயல் கடித்த செடி

மார்ச் 6

காலையிலிருந்து காற்று. ஆய்வு நிலையத்தின் ஜன்னல், மேசை, என் தேநீர்க் கோப்பை, எல்லாவற்றிலும் மணல். மேட்டுக்குப் பின்னால் குண்டுச் செடிகள் மொட்டு விட்டிருக்கின்றன. (குண்டுச் செடி என்பது நான் வைத்த பேர். கூழாங்கல் போலக் கொழுத்த இலைகள்.) பாலைவனத்து வெட்டவெளியில் ஒன்றுகூடப் பிழைக்காது, முட்புதரின் நிழலில்தான் வளரும். போன கோடையில் தாகத்தில் தவித்த முயல் ஒன்று முள்ளுக்குள் தலையை நுழைத்து ஒரு செடியைக் கடித்துவிட்டது. பிறை வடிவத்தில் வடு. பிழைக்காது என்று நினைத்தேன். அதுதான் முதலில் மொட்டு விட்டிருக்கிறது. திமிர் பிடித்தது!

மார்ச் 9

தம்பி வந்திருக்கிறான், கேமராவும் கையுமாக. சாயங்காலம் அவனை மட்டும் அங்கே கூட்டிப்போனேன். பொழுது சாய்ந்ததும் பூக்கள் விரிந்தன. சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் வந்தன. இந்தப் பூவின் குழாய்க்குள் அந்தப் பூச்சியின் நாக்கு மட்டும்தான் எட்டும். அது வராவிட்டால் காய் பிடிக்காது. காய் இல்லாவிட்டால் எலிகளுக்கு விதை இல்லை. எலிகள் விதைகளைப் புதருக்கடியில் புதைத்துவிட்டுப் பாதியை மறந்துவிடும். மறந்ததுதான் மழைக்கு முளைக்கும். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம அம்மாகிட்ட விதையைக் குடுத்திருந்தா பாலைவனமே இருந்திருக்காதுக்கா" என்றான். வைத்த இடத்தை மறப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 18

போச்சு. எல்லாம் போச்சு.

மார்ச் 19

நேற்று எழுத முடியவில்லை. குழி குழியாகத் தோண்டி, ஒரு செடி விடாமல் எடுத்துப் போயிருக்கிறார்கள். கையில் முள் குத்தக்கூடாது என்று புதர்களையும் வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். எலி வளைகள் இடிந்து கிடக்கின்றன. சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். பூச்சிகள் வழக்கம்போல வந்தன. குழிகளின் மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அழுதேன், அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

"இந்த இடம் வேற யாருக்குத் தெரியும்?" என்று இயக்குநர் கேட்டார். "எனக்கு மட்டும்தான் சார்" என்றேன். அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தம்பியைச் சொல்லத் தோன்றவே இல்லை. அவன் வேறு, நான் வேறா?

ஏப்ரல் 2

தம்பி கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மாவும் வந்திருந்தாள். தம்பிக்குப் பார்த்த பெண் நல்லவள். சாப்பிட்டு முடித்ததும் அவளுடைய அப்பா, "நீங்க பாக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு" என்று என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார். கண்ணாடி அறை. எங்கெங்கிருந்தோ வாங்கிச் சேர்த்த செடிகள். மூலையில் புதுத் தொட்டிகள்.

முன்வரிசைத் தொட்டியில், முயல் கடித்த வடு.

"மாப்பிள்ளை கொண்டுவந்து குடுத்தது. நர்சரில வளத்ததாம்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "பூ நல்லா பூக்குதும்மா. ஆனா ஒரு காய்கூடப் பிடிக்கல. ஏன்?"

"இங்க பூச்சி இல்லீங்க."

"பின்ன? வாரம் தவறாம மருந்து அடிக்கிறோம்ல!" என்றார் பெருமையாக.

தம்பி வாசற்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 3

போனில் பிடித்தேன். "ஏன்டா இப்படிப் பண்ணின?"

"அவருக்கு என்னைப் பிடிக்கவே இல்லக்கா. இதைக் குடுத்தப்புறம்தான் சரின்னார். செடிதானேக்கா..."

செடிதானாம்! மாமனாருக்கு ஐஸ் வைக்க என் அடிமடியிலேயே கை வைத்திருக்கிறான். அடப்பாவி, அன்னைக்கு அந்தப் பூச்சியைப் பாத்து வாயைப் பொளந்துகிட்டு நின்னியேடா! அப்பவே மனசுக்குள்ள திட்டம் போட்டுட்டியா? இந்த மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து நட்டுவிடுவதாகச் சத்தியம் செய்தான்.

அப்புறம் அம்மா பேசினாள். "பெரிசு பண்ணாதடி. ஒரு செடிக்காக அவன் கல்யாணத்தைக் கெடுப்பியா?" ஆக, அவளுக்கும் முன்பே தெரியும். அந்தச் சாப்பாட்டு மேசையில் நான்தான் இளிச்சவாய்.

மே 4

கொண்டுவரவில்லை. "கல்யாணம் முடியட்டும்க்கா" என்கிறான். கிழித்தான்.

மே 20

மேட்டுப்பக்கத்து வேலையை இயக்குநர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஜீப் சாவியையும் வாங்கிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்த காரணம்தானே, இடம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தம்பியின் பேரை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கினேன். ஏன் விழுங்கினேன்? எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது.

ஜூன் 27

போன வாரம் நல்ல மழை. இன்று விடுமுறை, நடந்தே போனேன். வெட்டிப்போட்ட முட்புதர்கள் அடியிலிருந்து துளிர்த்திருக்கின்றன. அந்தத் துளிருக்குக் கீழே, எலிகள் மறந்த இடங்களில், கொத்துக் கொத்தாகக் குண்டுச் செடிக் குஞ்சுகள். கடுகளவுதான். வெயில் ஏறியதும் துப்பட்டாவை விரித்து நிழல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பைத்தியக்காரி மாதிரி.

அறைக்குத் திரும்பியதும் தம்பி கூப்பிட்டான். கல்யாணத்துக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டான். தேதி சொன்னேன்.

"அக்கா... மழை பெஞ்சுதே. அங்க ஏதாவது முளைச்சிருக்கா?"

நிஜமாகவே வருத்தப்படுகிறான் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒண்ணும் இல்லடா" என்றேன். "வெறும் மணல்தான்."