மடத்துத் தலைவரின் குழியை மூடச் சொல்லி விடுத்த ஓலை

உப்பும் நெல்லும் குறையாதிருக்க! செங்கழி நாடுடையானும், ஏழு துறைக்குக் காவலனும், பகைவர் மரக்கலம் எரித்தவனுமாகிய கொற்றங்கண்டன் ஓலை. அலைவாய்க் கோட்டைத் தளபதி பொற்கோடன் தன் வீரரோடும் குடிகளோடும் நலமே வாழ்க. இவ்வளவும் எழுத்தன் வழக்கப்படி எழுதியது. இனி நான் சொல்லச் சொல்ல எழுதியது. எனக்கு எழுத்து வராது. ஆகவே இரண்டு பேரைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே முத்திரை வைக்கிறேன்.

என் தம்பி இளங்கண்டன் அரண்மனையை விட்டுப் போய், கடற்கரைச் சிலுவை மடத்தில் சேர்ந்து, யாக்கோபு என்று பேர் மாற்றிக்கொண்டு, அதற்கே தலைவனுமாகி, சென்ற தையில் செத்தான். மடத்தார் எனக்குச் சொல்லியனுப்பியது புதைத்த மறுநாள். அதன்பின் நான் அனுப்பிய சந்தனப் பெட்டியையும் திருப்பிவிட்டார்கள். தலைவனைப் பெட்டியில்லாமல் செபக் கூடத்து வாசலில் வெறும் மண்ணில் கிடத்தி, எல்லாரும் மிதித்துப் போகும்படி கல் மூடுவதுதான் அவர்கள் வழக்கமாம். இதை யார் நம்புவார்? நஞ்சு வைத்தவன்தான் இவ்வளவு அவசரமாக மூடுவான் என்று எண்ணினேன். கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். நான் பார்த்து நிற்க நீ பெயர்த்தாய்.

நஞ்சின் அடையாளம் ஒன்றுமில்லை. ஆனால் அவன் கைக்கோல் இரண்டாக முறிந்து மார்பின்மேல் கிடந்தது. நம் நாட்டில் துரோகியின் பிணத்தோடுதானே கோலை முறித்துப் போடுவோம்? என் தம்பியா துரோகி என்று கேட்டேன். பதில் வருமுன்பே பன்னிரண்டு துறவிகளையும் உன் சிறையில் தள்ளினேன்.

நேற்றுத்தான் மூத்த துறவி ஒசேப்பை வரவழைத்துப் பதிலைக் கேட்டேன். ஒருவன் அதிகாரம் அவனோடு முடிய வேண்டும், அவன் கோலை அடுத்தவன் ஏந்தக் கூடாது என்பதற்காக எல்லாத் தலைவருக்கும் கோலை முறித்தே வைப்பதாகவும், பக்கத்திலுள்ள ஆறு கல்லின் கீழும் அப்படியே இருக்குமென்றும் சொன்னார். பெயர்த்துப் பார்க்கட்டுமா என்றேன். அரசருக்குக் குழி தோண்டுவதில் இவ்வளவு ஆசை உண்டென்று யாக்கோபு ஒருநாளும் சொன்னதில்லையே என்றார். வேறெவன் இப்படிப் பேசியிருந்தாலும் தலை போயிருக்கும்.

திறந்த குழியை மடத்தார் கைதான் மூட வேண்டுமாம். அவர்களோ உன் சிறையில். ஒன்பது நாளாக என் தம்பி திறந்து கிடக்கிறான். நண்டு ஏறாமல் காவலர் விரட்டுவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாய்.

மூடும்போது நானும் ஒரு பிடி மண் போடலாமா என்று ஒசேப்பைக் கேட்டேன். நாற்பது வருஷம் மடத்து வாசல் திறந்தே இருந்ததென்றும், அண்ணன் வந்தது கல்லைப் பெயர்க்க மட்டுமே என்றும் சொன்னார். வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மீறிக்கொண்டாவது போயிருப்பேன்.

ஆகவே ஆணை. ஒசேப்பு இவ்வோலையோடு வருகிறார். மற்றப் பதினொருவரையும் கண்டபொழுதே விலங்கு கழற்றி, குளிக்க நீர் கொடுத்து, மடத்தில் கொண்டுபோய் விடு. மண்ணை நம் வீரர் எவரும் தொடலாகாது. முறிந்த கோல் கிடந்தபடியே கிடக்கட்டும். மன்னிப்பு என்ற சொல்லை என் பேரால் நீ சொல்லாதே. அதைச் சொல்ல உனக்கு உரிமையில்லை. மூடி முடிந்ததும் இங்கே ஆள் அனுப்பாதே. வருகிறவன் ஆறுதல் பேசுவான். கோட்டை மேல் புகை எழுப்பு. தெற்கு மாடத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வாணை மீறினவன் செங்கழி நீர் குடியான். கயல் பொறித்த அரக்கு முத்திரை என் கையாலேயே இட்டேன். ஆட்சியாண்டு முப்பத்தெட்டு, மாசி ஐந்து.