தலைகீழாய் வைத்த குடைக்கோரை

என்னங்க,

கேத்தரின் அக்காவைப் பார்க்கக் கப்பலில் லாங் ஐலண்ட் தீவுக்குப் போகிறேன். சூரை மீன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

சிப்பிகாட் பண்ணையிலிருந்து ஆசையாய் வாங்கிவந்த என் குடைக்கோரைச் செடியை, "அரே, களைதானே சுபி!" என்று வெட்டித் தள்ளினீர்கள். மூன்று வாரமாக அந்தக் கோபத்தில்தான் இருக்கிறேன்.

இன்று காலை படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு பக்கெட்டைப் பார்த்தேன். வெட்டிய குடை போன்ற இலைக்கொத்துகளை எனக்குத் தெரியாமல் தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள், அதுவும் தலைகீழாக! சிரித்துக்கொண்டே தூக்கினால், ஒவ்வொன்றிலும் வேர். பண்ணைக்கு போன் செய்தேன். "அப்படித்தான் போடணும் மேடம். யார் சொல்லிக்கொடுத்தா?" என்றார்கள். "என் வீட்டுக்காரர்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன்.

தண்ணீரை மாற்றுங்கள், கொசு வரும். நிமிர்த்தி மட்டும் வைத்துவிடாதீர்கள்.

சுபிதா

பி.கு.: கோபம் பாதி போய்விட்டது. மீதியும் போக, ஞாயிறு நான் திரும்பும்போது என்னை அழைத்துப்போக ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வாருங்கள்.