அலமாரிக்குள் மைக்

என்னங்க,

டப்பிங்குக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள், கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். என் மேல் இருக்கும் கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதீர்கள்.

மதியம் தச்சர் வருவார். பாப்பாவின் ஆள் நுழையும் பெரிய சுவர் அலமாரியை நான் வீட்டிலிருந்தே குரல் கொடுக்கும் அறையாக மாற்ற, அளவெடுத்துக்கொண்டு போவார். டீ போட்டுக் கொடுங்கள்.

அவளுடைய துணிகளை எடுத்துவிட்டு எதிரொலி வராமலிருக்க உள்ளே ஃபோம் ஒட்டலாமா என்று நேற்றுக் கேட்டேன். "எடுத்துக்கோ, எனக்கென்ன" என்று சொன்னீர்கள். அவள் நம்மை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த மனசா இது, கல்லா?" என்று கத்தினேன். கேட்டவளும் நானே, கத்தினவளும் நானே.

காலையில் எதிரொலி பார்க்க உள்ளே மைக்கைப் போட்டேன். நிறுத்த மறந்து பால் வாங்கப் போய்விட்டேன். பதிவை இப்போதுதான் கேட்டேன். நீங்கள் உள்ளே போய், எதிரொலிக்கிறதா என்று ஒரு தடவை கை தட்டுகிறீர்கள். ஹேங்கர்கள் நகர்கின்றன. அப்புறம் மெதுவாக, "செல்லக்குட்டி, அப்பா பேசறேன். கேக்குதாம்மா?"

பிறகு ரொம்ப நேரம் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள்.

ஃபோம் வேண்டாம். துணி தொங்கினாலே எதிரொலி அடங்கிவிடும். தச்சர் கேட்டால் அதையே சொல்லுங்கள்.

சர்க்கரை பழைய டப்பாவில் இருக்கிறது.

இன்னொன்று. உட்காரும் பலகையை இரண்டு பேருக்குப் போடச் சொல்லுங்கள். நானும் அவளிடம் பேச வேண்டும்.